வைஃபை இருக்குதுங்க

மடிக்கணினியின் மூலையில் வைஃபை குறி முழுசாக நிரம்பி நிற்கும். இணைக்கச் சொன்னால் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றி, கடைசியில் இணைக்க இயலவில்லை என்று ஒரு வரி வரும். ஏன் இயலவில்லை என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணியிருந்தால் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாகச் சேர்த்திருக்கலாம்.

தாராபுரம் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருப்பதைப் பற்றி நான் எழுதிய ஆய்வேடு அது. எழுதி முடித்தாயிற்று, கொடுத்தாயிற்று, மிச்சம் இருந்தது வைவா மட்டும்தான். எல்லார் முன்னாலும் நின்று, புறத்தேர்வாளர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் வடக்கே ஏதோ ஊரிலிருந்து இணையவழியாக வருவார். ஏற்கெனவே ஒரு முறை தேதி குறித்து, அவருக்கு முடியாமல் தள்ளிப்போயிருந்தது. இந்த முறையும் தவறினால் அவர் வெளிநாடு போய்விடுவார், அங்கிருந்து நடத்த விதி இடம் தராது, திரும்பி வர அரை வருஷம் ஆகும். தாராபுரத்தில் ஒரு கல்லூரியில் எனக்காக ஒரு வேலையை எடுத்து வைத்திருந்தார்கள். கல்லூரி திறப்பதற்குள் பட்டம் முடிந்ததற்கான தாளோடு வந்தால் வேலை, வராவிட்டால் அடுத்த ஆளுக்கு. இவ்வளவுதான் என் நிலைமை. அது அந்தச் சுற்றும் வட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வட்டம் சுற்ற ஆரம்பித்தது விடுமுறை முடிந்து வந்தபோது. விடுமுறையில் வளாகம் முழுக்கப் புதிதாக வைஃபை மாற்றியிருந்தார்கள். சுவருக்குச் சுவர் வெள்ளைப் பெட்டிகள், பச்சை விளக்கு. பழைய பயனர் பெயர், பழைய பாஸ்வேர்டு, எல்லாம் அப்படியே வேலை செய்யும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மற்றவர்களுக்குச் செய்தது. எனக்கு மட்டும் செய்யவில்லை. அதுவும் முழுசாகச் செய்யாமல் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை, ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். சில நாள் வரும். சில நேரம் வரும். வைவாவில் காட்ட ஆய்வகக் கணினியிலிருந்து அளவீடுகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் போகும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் டாக்டர்கள். மடிக்கணினியை அணைத்துப் போடு என்றார் என் வீட்டுக்காரர். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி சேர் என்றாள் பக்கத்து மேசைக்காரி. மறக்கச் சொன்னேன், அது சந்தோஷமாக மறந்தது, மறுபடி சேரத்தான் மாட்டேன் என்றது. தேதியும் நேரமும் தப்பாக இருந்தாலும் இப்படி ஆகும் என்றார்கள், பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். நூலகத்துப் படியில் உட்கார்ந்து பார்த்தேன், கேன்டீனில் பார்த்தேன், ஒரு நாள் பெண்கள் ஓய்வறையில் ஜன்னலோரம் நின்றுகூடப் பார்த்தேன். காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து பார்த்துத் தூசி தட்டி, "மெசின்ல ஒரு கொறையும் இல்லீங்கக்கா" என்று திருப்பிக் கொடுத்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு வைஃபையில் போட்டதும் கண் இமைக்கும் முன் இணைந்தது. எனக்கு அழுகை வந்தது.

வளாகத்தில் கணினி மையம் என்று ஒன்று உண்டு. அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்கு என் வயதுதான் இருக்கும். இவ்வளவு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. அதுதான் பிரச்சினையே. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"வாங்க மேடம், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீ வேண்டாங்க. வைஃபை வேணுங்க."

"வைஃபை இருக்குதுங்க மேடம்."

"எனக்கு வர மாட்டேங்குதுங்களே."

"அப்படிங்களா? பாத்துப்போடலாங்க."

பார்ப்பார். தன் கணினியில் என் பெயரை அடித்து எதையோ கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு என் மடிக்கணினியை வாங்கி, நான் ஏற்கெனவே செய்த எல்லாவற்றையும் வரிசையாக மறுபடி செய்வார். "மறுக்கா ஒருவாட்டி டிரைவர் போட்டுப் பாத்தரலாங்க," என்பார். போட்டுப் பார்ப்பார். வராது. "ஊட்ல வருதுங்களா மேடம்?" வீட்டில் வருகிறது என்பேன். "அப்ப லேப்டாப் நல்லாத்தானுங்க இருக்குது." அப்படியானால் வளாகத்தில்தானே கோளாறு என்பேன். "இல்லீங்க மேடம், வைஃபை இருக்குதுங்க. நீங்க வெசனப்படாதீங்க, நான் பாத்துக்கறேனுங்க." வாசல் வரை வந்து வழியனுப்புவார். ஒருவர் முகத்துக்கு நேராக, முடியாது போம்மா என்று சொன்னால் சண்டை போடலாம். நாற்காலி இழுத்துப் போடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

உண்மை எனக்குப் பிடிபட்டது ஜன்னல் வழியாக. எங்கள் துறைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் கீழே என் நெறியாளர் தன் வெள்ளைக் காரை நிறுத்துவார். அவரைச் சார் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் வாயில் வருகிறது. ஒரு நாள் மதியம் மடிக்கணினி தானாக இணைந்தது. அவசர அவசரமாகக் கோப்புகளை இறக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போயிருந்தது. மறுநாளும் மதியம் வந்தது, பிறகு போனது. அடுத்து சார் பொள்ளாச்சிக்குப் போன நாள் முழுக்க வந்தது. என்ன இது என்று தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மரத்தடி காலியாக இருந்தது. மறுநாள் கார் நின்றது, வட்டம் சுற்றியது. மதியம் கார் வீட்டுக்குப் போனது, வைஃபை வந்தது. ஆராய்ச்சி செய்கிறவள் ஆயிற்றே, இன்னும் சில நாள் பார்த்து உறுதி செய்துகொண்டேன். என் ஆய்வேட்டில்கூட இத்தனை துல்லியமான தொடர்பு எதற்கும் எதற்கும் இடையே கிடைக்கவில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நான் ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில், சார் தன் பயனர் பெயரை எங்கோ தொலைத்திருந்தார். "ஏங்கண்ணு, உன்றதையே போட்டுக் குடுத்துரு, எனக்கெதுக்குத் தனியா ஒண்ணு," என்று போனை நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் யாராவது யோசிப்பார்களா? பாஸ்வேர்டும் எங்கள் பக்கம் அப்படித்தான். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது எங்களுக்கு வராது. பிறகு அவர் ஒரு டேப் வாங்கினார், அதிலும் போட்டு, பாஸ்வேர்டை ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த டேப்பில் அவர் என்ன பார்ப்பார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு உண்டு. தேங்காய் திருட்டுப் போகிறது என்று தோப்பில் கேமரா வைத்திருந்தார். மேசையில் டேப்பை நிமிர்த்தி வைத்து, நாள் முழுக்கத் தோப்பு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆய்வேடுகளைத் திருத்தும்போதும் ஒரு கண் அங்கேதான். ஆக, நான் கிணற்று உப்பின் அளவீடுகளை இறக்க முடியாமல் பெண்கள் ஓய்வறையில் ஜன்னலோரம் நின்ற நேரமெல்லாம், என் பெயரில் தென்னை மரங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன.

கணினி மையத்துக்குப் போனேன். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒரு பேருக்கு இத்தனை கருவிதான்னு புதுசா ஏதாச்சும் கணக்கு வெச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க மேடம். மூணு கருவிதானுங்க."

"என்ற பேர்ல மூணு ஏற்கெனவே ஓடுதுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "ஓடுதுங்க."

"யாரோடது?"

"மூணும் உங்க சாரோடதுதானுங்க மேடம். சார் பேரே வருதுங்க."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மொத நாள் வந்தப்பவேங்க."

முதல் நாளே தெரிந்தும், இத்தனை நாள் என் டிரைவரைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்!

"ஏனுங்க, சொல்லியிருக்கலாமல்லங்க?"

"அதெப்படீங்க மேடம்," என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு. "பெரிய மனுசருங்க. உங்களுக்குக் கைடு வேற. அவரு உங்க நெட்டப் புடிச்சு வெச்சிருக்காருன்னு என்ற வாயால எப்படீங்க சொல்றது?"

சரி, சாருக்குப் புதிதாக ஒரு பயனர் பெயர் உண்டாக்கிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "குடுத்துப்போடலாங்க," என்றார். கொடுக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "சார் வந்து கேக்காம நானாப் போயிக் குடுத்தா, ஏன் குடுக்கறேன்னு கேப்பாருங்களே," என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

நானே சாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். கதவைத் தட்டி உள்ளே போனதும், "வா கண்ணு, வைவாவுக்கெல்லாம் ரெடியா? வெயில்ல கெணறு கெணறா அலைஞ்சது வீண் போவாது," என்றார். அந்த வெயிலில் அவரும்தான் கூட அலைந்தார். கிணற்று விளிம்பில் குனிந்து தண்ணீர் எடுக்கும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லித் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அவரிடம் போய், சார் உங்கள் தேங்காயை மூடுங்கள் என்று எப்படிச் சொல்வது? "ரெடிங்க சார்," என்றேன். டேப்பில் ஒரு மட்டை விழுந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.

வைவா அன்று காலை சீக்கிரமே வந்தேன். படங்களையும் வரைபடங்களையும் புறத்தேர்வாளருக்கு என் மடிக்கணினியிலிருந்துதான் காட்ட வேண்டும். ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்தால் வட்டம். ஜன்னலைப் பார்த்தேன். விருந்தினர்களை வரவேற்க என்று அன்றைக்குச் சாரும் சீக்கிரமே வந்திருந்தார். மரத்தடியில் கார்.

அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது. போனில் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். புதிய பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. என் மனசில் அந்த நிமிஷம் இருந்ததை அப்படியே ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் ஒட்டுக்காக அடித்தேன்: யாருக்கும் தர மாட்டேன். ஒரு எண்ணாவது வேண்டும் என்றது. ஒன்று போட்டேன். ஒரு குறியாவது வேண்டும் என்றது. ஆச்சரியக்குறி போட்டேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று கேட்டது. ஆகா, வெளியேற்று! மடிக்கணினி உடனே இணைந்தது. இவ்வளவு நிம்மதியை நான் கல்யாணத்தன்றுகூட அனுபவிக்கவில்லை.

சாரைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மூன்று கருவிகள் என்றால், அவருடைய போன், தோப்பு வேலைக்கென்று வைத்திருந்த இன்னொரு போன், டேப். போனுக்கு எப்படியும் தனியாக நெட் உண்டு. அவருடைய மடிக்கணினியில் எப்போதும் நெட் கம்பி செருகியிருப்பதை அவர் அறையில் பார்த்திருக்கிறேன். டேப் ஒரு அரை நாள் மூடிக் கிடந்தால் தென்னை ஓடிப்போகாது. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சார் என் மேசைக்கு வந்தார். "தோப்பு தெரிய மாட்டேங்குது கண்ணு."

"அங்க கரண்ட் இல்லையோ என்னவோங்க சார்," என்றேன். கூசாமல் சொன்னேன்.

வைவா கீழ்த்தள அரங்கில். பழைய கல் கட்டடம், தடித்த சுவர். உள்ளே நுழைந்தால் எந்தப் போனிலும் சிக்னல் நிற்காது. துறைத்தலைவர், ஆசிரியர்கள், மாணவிகள், பின்வரிசையில் என் வீட்டுக்காரர் என்று அரங்கு நிறைந்திருந்தது. சார் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பெரிய திரையோடு இணைத்தார். கூட்டத்தை அவர்தான் தொடங்க வேண்டும், புறத்தேர்வாளரை அவர்தான் உள்ளே விட வேண்டும். அது விதி. நான் மேடையில் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியாதா? அறையில் கம்பி செருகியிருந்தாலும் மனிதர் வைஃபையையும் சேர்த்தே போட்டு வைத்திருந்திருக்கிறார். மூன்றாவது கருவி இன்னொரு போன் அல்ல, இதுதான். அரங்கின் சுவரில் நெட் கம்பி செருகும் ஓட்டை போன தடவை வெள்ளை அடித்தபோது சுண்ணாம்பில் அடைபட்டிருந்தது. புறத்தேர்வாளர் எங்கோ ஒரு ஊரில் காத்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாஸ்வேர்டு தப்புங்குதே," என்றார் சார், அரங்குக்கே கேட்கும்படி. "என்ன கண்ணு, மாத்துனயா?"

"நான் வந்து போட்டுத் தரேனுங்க சார்," என்று இறங்கப் போனேன்.

"நீ அக்கட்டயே நில்லு, நேரமாச்சு. சொல்லு, நான் அடிக்கறேன்." அடிப்பது சரியாகத் தெரிய வேண்டும் என்று, எழுத்துகளைக் காட்டும் கண் குறியை வேறு அழுத்திக்கொண்டார்.

தப்பிக்க வழியில்லை. புறத்தேர்வாளர் போய்விட்டால் அரை வருஷம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். ஒவ்வொன்றும் பின்னால் பெரிய திரையில் முழ நீளத்துக்கு வந்து உட்கார்ந்தது. யாருக்கும் என்பது முடிந்தபோது முன்வரிசை படிக்க ஆரம்பித்துவிட்டது. தர வந்தபோது யாரோ இருமினார்கள். மாட்டேன் வந்தபோது துறைத்தலைவர் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"அப்பறம்?" என்றார் சார்.

"ஒண்ணுங்க சார்."

"அப்பறம்?"

"ஆச்சரியக்குறிங்க சார்."

அடித்தார். கண்ணாடியைக் கீழே இறக்கி, முழுசையும் ஒரு முறை மெதுவாகப் படித்தார். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன், கல் கட்டடத்தில் அதற்கும் வழியில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். இணைந்தது.

"நல்ல ஸ்ட்ராங்கான பாஸ்வேர்டு," என்றார். பின்வரிசையில் என் வீட்டுக்காரர் சிரித்தது எனக்குக் கேட்டது.

புறத்தேர்வாளர் வந்தார். கேள்விகள் கேட்டார். கிணறுகளுக்கு இடையிலான தூரத்தைப் பற்றி ஒரு கேள்வியில் நான் தடுமாறியபோது, சார் குறுக்கே புகுந்து, "அந்தக் கெணத்துக்கெல்லாம் நானும் போயிருக்கேனுங்க," என்று தமிழில் ஆரம்பித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி எடுத்துச் சொன்னார். முடிவில் எல்லாரும் கை தட்டினார்கள். சிறு திருத்தங்கள் மட்டும் செய்து, அன்று மாலைக்குள் கடைசிப் பிரதியை வளாக நெட்டில் மட்டுமே திறக்கும் தளத்தில் ஏற்றிவிட்டால் போதும், மறுநாளே தாள் கிடைத்துவிடும் என்றார் துறைத்தலைவர். தாராபுரம் கைக்கு எட்டிவிட்டது. மகிழ்ச்சியும் வெட்கமும் ஒன்றாக வந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். போன், டேப், மடிக்கணினி மூன்றையும் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தார். டேப் இருண்டு கிடந்தது.

"எனக்குத் தெரியாமப் போச்சு கண்ணு. நீ அன்னைக்கே சொல்லியிருக்கோணும்," என்றார். அவர் முகம் கொஞ்சம் சிறுத்திருந்தது. "எல்லாத்துலயும் உன்றதை எடுத்துப்போடு. நான் நாளைக்குப் போயி எனக்கொண்ணு வாங்கிக்கறேன்."

இதற்காகத்தான் இத்தனை நாளும் தவித்தேன். எடுத்துப் போடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. கையை நீட்டினேன். வாய் திறந்தது.

"பரவாயில்லீங்க சார்," என்றேன். "இருக்கட்டுங்க."

சத்தியமாக நான் சொல்லவில்லை. அதுவாக வந்தது. எங்கள் ஊரில் பிறந்த வாய், கேட்டால் அப்படித்தான் சொல்லும். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். இன்னொரு முறை வேண்டாம் என்று மறுப்பார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"அப்படீங்கற?" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "அப்பச் சரி. இந்தா, டேப்லயும் போட்டுக் குடுத்துரு. காலையிலிருந்து தோப்பையே பாக்கல."

போனிலும் போட்டேன், டேப்பிலும் போட்டேன். யாருக்கும் தர மாட்டேன் என்று ஒவ்வொரு எழுத்தாக என் கையாலேயே அடித்துக் கொடுத்தேன். ஆச்சரியக்குறியையும் விடவில்லை. டேப்பில் தென்னை மரங்கள் வந்து காற்றில் ஆடின.

என் மேசைக்குத் திரும்பித் திருத்தங்களைச் செய்து முடித்தேன். கடைசிப் பிரதியை ஏற்ற வேண்டும். வைஃபை குறி முழுசாக நிரம்பி நின்றது. இணைக்கச் சொன்னேன். வட்டம் சுற்றியது.

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கார் மரத்தடியில்தான் நின்றது. இன்றைக்காவது சார் நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்ப மாட்டாரா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.